பழைய கிரேடரில் ஆட்டத்தைப் பிடிப்பது

பழைய கிரேடர் ஒன்றை, அதாவது நீளமான பிளேடால் ரோட்டைச் சமன் செய்யும் வண்டியை, பார்க்கப் போன அன்று, விற்பவர் முதலில் என்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். ஒரே செல்ஃபில் எழுந்தது. புகை அதிகமில்லை, ஆயில் பிரஷரும் நன்றாக நின்றது. மனசுக்குள் நான் பாதி முடிவு பண்ணிவிட்டேன். என்னோடு வந்திருந்த ஆபரேட்டர் அண்ணன் என்ஜின் பக்கமே போகவில்லை. ஒரு கடப்பாரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு பிளேடு முனைக்குப் போனார். பிளேடை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தச் சொன்னார். ஓரத்தில் கட்டை வைத்து நெம்பினார். பிளேடு முனை ஒரு விரற்கடைக்கு மேல் ஏறி, 'டக்' என்று இறங்கியது. திரும்பவும் நெம்பினார். திரும்பவும் அதே சத்தம்.

"தம்பி, என்ஜினை நம்ம ஊர்லயே செஞ்சுக்கலாம். இந்த ஆட்டத்துக்கு விலை பேசுங்க" என்றார்.

ஆட்டம் என்று அவர் சொன்னது, மூட்டுகள் தேய்ந்து பிளேடு தளர்ந்து ஆடுவதை. அன்றைக்கு அதன் அர்த்தம் எனக்கு முழுசாகப் புரியவில்லை. பேசி விலையைக் குறைத்தேன், வாங்கினேன், லோபெட் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு இந்த வண்டியோடு பட்ட பாடு, செலவு செய்த பணம், கற்றுக்கொண்ட பாடம் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் அந்த 'டக்' சத்தத்தோடு தொடர்புடையவைதான். பழைய கிரேடர் வாங்க நினைக்கிறவர்களும், வாங்கிவிட்டு முழிக்கிறவர்களும் அடிக்கடி என்னிடம் கேட்பதால் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

என்னுடையது கேட்டர்பில்லர் 120ஜி. 3304 என்ஜின், நாலு சிலிண்டர், 7 லிட்டர். 12 அடி பிளேடு. நடுவில் மடங்கும் சேஸிஸ். பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரமாக டாண்டம். எலக்ட்ரானிக்ஸ் என்று எதுவும் கிடையாது. ஸ்டீயரிங்கைச் சுற்றி நிற்கும் லிவர்களும் ஹைட்ராலிக் வால்வுகளும்தான். நாங்கள் இருப்பது திருச்செங்கோடு பக்கம். கிராமச் சாலை, லேஅவுட் ரோடு, பெரிய காண்ட்ராக்டர்களுக்குச் சப் காண்ட்ராக்ட் என்று வேலை ஓடுகிறது. முன்பு வாடகை வண்டிதான் எடுத்துக்கொண்டிருந்தோம். மார்ச் வந்தால் எல்லோரும் பில் போட அவசரப்படுவார்கள், அப்போது ஒரு கிரேடர் கூடக் கிடைக்காது. ரோலரும் டேங்கரும் ஆளும் சைட்டில் காத்துக்கிடக்க, கிரேடருக்கு நாலு நாள் ஃபோன் பண்ணிய ஒரு மார்ச் மாதத்தில்தான் சொந்த வண்டி வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

புது வண்டி ஏன் வாங்கவில்லை என்று கேட்பார்கள். எனக்கு வருஷத்துக்கு 600, 700 மணி நேரம்தான் கிரேடர் வேலை. அந்த ஓட்டத்துக்குப் புது வண்டியின் தவணை கட்டுப்படியாகாது. வருஷத்துக்கு 1500 மணி நேரத்துக்கு மேல் ஓட்டப்போகிறவர்கள் பழசு வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். பழைய வண்டிக்கு நடுவில் நின்று மூச்சு வாங்க நாள் வேண்டும். அது கிடைக்கிற தொழிலாக இருந்தால் மட்டும் பழசு லாபம்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். கிரேடர் ஏன் மேடுபள்ளத்தைச் சமன் செய்கிறது என்பது புரிந்தால்தான், ஆட்டம் ஏன் அதைக் கெடுக்கிறது என்பதும் புரியும். முன் சக்கரம் ஒரு கல் மேல் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேடு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் ஏறக்குறைய நடுவில் தொங்குவதால், சக்கரம் ஏறின உயரத்தில் பாதிதான் பிளேடு ஏறும். பின்னால் டாண்டம் வரும்போது ஒரு சக்கரம் கல்மேல் ஏறினாலும் இன்னொன்று தரையில் இருக்கும். டாண்டம் நடுவில் ஆடிக்கொடுப்பதால் அங்கேயும் பாதி குறைந்துவிடும். அந்தப் பாதியிலும் ஒரு பங்குதான் பிளேடுக்கு வந்து சேரும். நீளமான இந்த உருவத்துக்குக் காரணமே அதுதான். 1931-ல் கேட்டர்பில்லர் ஆட்டோ பேட்ரோல் வந்த காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை: என்ஜின் பின்னால், பிளேடு நடுவில், முன்னால் நீண்ட கழுத்து.

அந்தக் கழுத்துக்குக் கீழே, பிளேடை இழுத்துப் போகும் சட்டமான டிராபார் தொங்குகிறது. முன் முனையில் ஒரு பெரிய பந்து மூட்டு. டிராபாருக்குக் கீழே சர்க்கிள், அதாவது பிளேடைத் திருப்பும் பெரிய பல் வளையம், அதைத் தாங்க ஷூக்கள். சர்க்கிளுக்குக் கீழே பிளேடு, அது பக்கவாட்டில் நகர ரயில். மேலே தூக்கும் சிலிண்டர்களின் இரண்டு முனையிலும் பந்து மூட்டுகள். என்ஜினின் சக்தி ரோட்டைத் தொடும்முன் இத்தனை மூட்டுகளைத் தாண்டி வர வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்தால் தனித்தனியாகப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. சர்க்கிள் ஷூவில் 3 மில்லி இடைவெளி என்றால், 12 அடி பிளேடு முனையில் அது 6, 7 மில்லி ஆகிவிடும். பந்து மூட்டுகளின் தேய்மானமும் அதோடு சேரும்.

வெட்மிக்ஸ், அதாவது ஜல்லியும் தூளும் தண்ணீர் சேர்த்துக் கலந்து போடும் அடுக்கு. அதன் மேல்மட்டத்துக்கு நெடுஞ்சாலைத் துறை விதிமுறை கொடுக்கும் விலக்கு, கூடக் குறைய 10 மில்லி. 3.75 மீட்டர் அகல ஒற்றை வழி ரோட்டில் 2.5 சதவீத கேம்பர், அதாவது தண்ணீர் வடியக் குறுக்குச் சரிவு, கொடுத்தால், நடுவிலிருந்து ஓரம் வரை மொத்தச் சரிவே 47 மில்லிதான். பிளேடே 15 மில்லி ஆடினால் அந்தச் சரிவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்டத்திலேயே போய்விடும். ஆபரேட்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் லிவரைத் தொட்ட பிறகு பிளேடு அசைய ஒரு கணம் ஆகும். அவர் இன்னும் கொஞ்சம் தள்ளுவார், பிளேடு ஒரேயடியாக இறங்கும், உடனே தூக்குவார். ரோட்டில் அலை அலையாக வரும். நான் வாங்கிய முதல் வருஷத்தில் ஒரு கிராமச் சாலையில் ஒரே வெட்மிக்ஸ் மட்டத்துக்கு ஆறு முறை, ஏழு முறை ஓட்டினோம். ஓட்ட ஓட்ட ஜல்லி தனியாக, தூள் தனியாகப் பிரிந்துபோனது. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த பொறியாளர் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு 100 மீட்டரைக் கிளறி மறுபடியும் போடச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். தவறு வண்டியின் மூட்டுகளில் இருந்தது, அதைச் சரிசெய்யாமல் வேலைக்கு அனுப்பியவன் நான்.

ஆட்டத்தை இப்போது நான் பார்க்கும் முறை இது. வண்டியைக் கெட்டியான சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்போம். பிளேடை நேர்குறுக்காகத் திருப்பித் தரையில் மெதுவாக அழுத்தினால் முன் சக்கரங்கள் லேசாக எழும். அந்த நிலையில் சர்க்கிள் மேலே தள்ளப்பட்டு நிற்கும். ஷூவுக்கும் சர்க்கிளுக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் என்ஜின் ஓடும்போது யாரும் கையை உள்ளே விடக்கூடாது. என்ஜினை நிறுத்தி, சாவி என் பாக்கெட்டுக்கு வந்த பிறகுதான் கேஜ் உள்ளே போகும். அப்புறம் பிளேடைத் தூக்கி, கட்டை கொடுத்து, கடப்பாரைச் சோதனை. பிளேடு முனைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி எத்தனை மில்லி ஏறுகிறது என்று நோட்டில் எழுதுவேன். இடது முனை, வலது முனை, தேதி, வண்டி ஓடிய மணிக்கணக்கு காட்டும் ஹவர் மீட்டர். இந்த நோட்டு இல்லாத காலத்தில் எனக்கு எல்லாமே உத்தேசம்தான்.

அளந்த பிறகு எங்கே இறுக்குவது என்பதில்தான் நான் பெரிய தப்பு செய்தேன். ஷூவுக்கு மேல் ஷிம் தகடுகள் இருக்கும், ஒன்றை எடுத்தால் ஷூ மேலே ஏறி இடைவெளி குறையும். பக்கவாட்டுக்குத் தனியாகத் திருகி இறுக்கும் வசதி உண்டு. அதுதான் சர்க்கிள் பல்லும், அதைத் திருப்பும் பினியன் என்ற சின்னச் சக்கரத்தின் பல்லும் எவ்வளவு நெருக்கமாகக் கடிக்கின்றன என்பதைத் தீர்மானிக்கிறது. நான் வேலை செய்யும் கோணத்தில், அதாவது பிளேடு சாய்ந்து நிற்கும் வழக்கமான இடத்தில், எல்லாவற்றையும் நன்றாக இறுக்கிவிட்டேன். ஆட்டமே இல்லை. ரொம்ப சந்தோஷம். மறுநாள் வாய்க்கால் சரிவு வெட்ட பிளேடை முழுசாகத் திருப்பினார்கள். பாதிச் சுற்றில் சர்க்கிள் இறுகி நின்றது. ஆபரேட்டர் லிவரை விடாமல் பிடித்தார், பினியனில் ஒரு பல் போனது.

காரணம் எளிது. கிரேடர் எப்போதும் ஏறக்குறைய ஒரே கோணத்தில்தான் ஓடுகிறது. சர்க்கிளில் அந்தக் கோணத்துக்குரிய பற்களும் அடிப்பரப்பும் மட்டும் தேயும். மற்ற இடம் புதுசு மாதிரியே இருக்கும். தேய்ந்த இடத்தில் வைத்து இறுக்கினால் தேயாத இடம் உள்ளே நுழையாது. அதனால் முதலில் சர்க்கிளை முழுச் சுற்று மெதுவாகத் திருப்பி, எங்கே ரொம்ப இறுக்கமாக இருக்கிறது என்று சாக்பீஸில் குறி போட வேண்டும். அந்த இடத்தில் வைத்துத்தான் சரி பண்ண வேண்டும். வேலை செய்யும் இடத்தில் கொஞ்சம் ஆட்டம் மிஞ்சும். அந்த மிச்சம் பொறுக்க முடியாத அளவுக்கு வந்தால், தேய்ந்த பரப்பை வெல்டிங்கில் நிரப்பிக் கடைந்தெடுக்க வேண்டும், அல்லது சர்க்கிளையே மாற்ற வேண்டும். வண்டி வாங்கும்போது இந்த முழுச் சுற்றுச் சோதனையை நிச்சயம் செய்து பாருங்கள். என்ஜின் ஓவர்ஹாலை விடப் பெரிய செலவு இதில் ஒளிந்திருக்கலாம்.

எங்கள் ஊரில் இருப்பதால் எனக்கு ஒரு பெரிய வசதி. திருச்செங்கோடு ரிக் வண்டிகளின் ஊர். போர்வெல் போட நாடு முழுக்கப் போகிற லாரிகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் ஹைட்ராலிக் சிலிண்டர் ஹோனிங், சீல் கிட், ஹை பிரஷர் ஹோஸ், கன்மெட்டல் புஷ் கடைவது எல்லாம் ஒரே தெருவில் முடியும். கிரேடர் என்ற பெயரையே சொல்லாமல், பழைய சீலைக் கையில் கொடுத்து "இந்த அளவுக்குக் கொடுங்க" என்றாலே போதும். தூக்கும் சிலிண்டர் பந்து மூட்டுக்கான கிண்ணங்களை இங்கேயே கன்மெட்டலில் கடைந்து போட்டேன். நன்றாக உழைக்கின்றன. பிளேடு நகரும் ரயிலின் தேய்மானப் பட்டைகளும் அப்படித்தான். ஆனால் சில சாமான்களில் நான் லோக்கலுக்குப் போவதில்லை: என்ஜின் பேரிங், டிரான்ஸ்மிஷன் கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் பம்ப்பின் உள்பாகம். அங்கே மிச்சம் பிடிப்பது பிடிக்கிற மாதிரி இருக்கும், ஆறு மாதத்தில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

ஹோஸ் மாற்றும்போது ஒரு விஷயம். கடையில் ஹோஸை வெட்டும்போது ரப்பர் தூளும் கம்பித் தூளும் உள்ளே விழும். கிரிம்ப் பண்ணிக் கையில் கொடுத்ததும் அப்படியே கொண்டுபோய் மாட்டக்கூடாது. கம்ப்ரசர் காற்றில் இரண்டு பக்கமும் ஊதி, சுத்தமான டீசலில் அலசி, மறுபடி ஊதி, இரண்டு முனையையும் மூடித்தான் சைட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பிளேடு தானாக இறங்குகிறது என்று ஒரு முறை சிலிண்டர் சீலை மாற்றினேன். சரியாகவில்லை. சிலிண்டரில் தப்பே இல்லை. பிளேடை நின்ற இடத்தில் பிடித்து வைக்கும் லாக் வால்வின் சீட்டில் கடுகளவு ரப்பர் துண்டு ஒட்டியிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஹோஸ் மாற்றியிருந்தோம்.

கிரீஸ் விஷயத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். டிராபார் பந்து, நடு மடிப்பின் பின்கள், ஸ்டீயரிங் மூட்டுகள், முன் சக்கரம் சாயும் பின்கள் எல்லாவற்றுக்கும் தினமும் காலையில் கிரீஸ் வைக்கிறோம். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை. சர்க்கிளுக்கு மட்டும் வைப்பதில்லை. கிராவல் தூசி கிரீஸோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி அறுக்கும். வாங்கும்போது என் சர்க்கிளில் விரல் கனத்துக்குக் கிரீஸும் மண்ணும் கட்டியிருந்தது. டீசலில் கழுவி எடுத்த பிறகுதான் கீழே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றே தெரிந்தது. இப்போது காய்ந்தபடியே விட்டு, வேலை முடிந்ததும் மண்ணைச் சுரண்டித் தள்ளுவதோடு சரி.

என்ஜினை ஊரிலேயே செய்துகொள்ளலாம் என்று அண்ணன் சொன்னது உண்மைதான். செய்யவேண்டி வந்ததற்குக் காரணம் தண்ணீர்.

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் சைட்டுக்குப் பக்கத்தில் எந்தப் போர் இருக்கிறதோ அதிலிருந்து குடத்தில் பிடித்து ஊற்றுவார்கள். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி என்று வீட்டுக் குழாய் வாயைப் பார்த்தாலே தெரியும், வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். இரண்டாவது வருஷம் சித்திரையில் வண்டி சூடேற ஆரம்பித்தது. ஃபேன் பெல்ட் பார்த்தோம், ரேடியேட்டரை வெளியே கழுவினோம். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் ஒரு காலையில் ஹெல்பர் பையன் ஆயில் ஸ்டிக்கை உருவிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். ஸ்டிக் முனையில் ஆயில் கருப்பாக இல்லை. பால் ஊற்றின காபி நிறத்தில் இருந்தது. ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் பிளக்கை ஒரு சுற்று மட்டும் தளர்த்தச் சொன்னேன். முதலில் சொட்டியது தண்ணீர். ஒரு சொம்புக்கு மேல் வந்தது. அதற்குப் பிறகுதான் ஆயில்.

பிரித்துப் பார்த்தபோது மூன்றாவது லைனரின், அதாவது பிஸ்டன் ஓடும் உருளை உறையின், வெளிப்பக்கம் குண்டூசியால் குத்தின மாதிரி வரிசையாகத் துளைகள். ஒன்று உள்ளே வரை போயிருந்தது. இந்த என்ஜினில் லைனரின் வெளிப்பக்கம் நேராகத் தண்ணீரில் நிற்கும். பிஸ்டன் தட்டத் தட்ட லைனர் அதிரும், அந்த அதிர்வில் தண்ணீரில் நுண்ணிய குமிழிகள் உருவாகி உடையும். ஒவ்வொரு குமிழி உடையும்போதும் இரும்பிலிருந்து ஒரு துளியைக் கொத்தி எடுக்கும். கூலன்ட்டில் சேர்க்கும் மருந்து லைனர் மேல் ஒரு படலத்தை உண்டாக்கி அதைத் தடுக்கிறது. வெறும் தண்ணீரில் அந்தப் படலம் கிடையாது. அதிலும் உப்புத் தண்ணீர் என்றால் துருவும் படிவும் சேர்ந்துகொள்ளும். நாலு லைனர், பிஸ்டன், ரிங், ஹெட் வேலை எல்லாம் சேர்ந்து வண்டி 23 நாள் நின்றது. லைனர் போடும்போது மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்துதான் போட வேண்டும். அதில் அவசரப்பட்டால் ஹெட் கேஸ்கெட் நிற்காது. எனக்குச் செய்துகொடுத்த மெக்கானிக் பொறுமைசாலி, ஒவ்வொன்றையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டித்தான் இறக்கினார்.

அன்றிலிருந்து வண்டியில் 20 லிட்டர் கேன் ஒன்று எப்போதும் இருக்கும், கலந்து வைத்த கூலன்ட். ஹெவி டீசலுக்கு உரியது, லைனர் பாதுகாப்பு மருந்து சேர்ந்தது. காருக்கு ஊற்றும் சாதாரண கூலன்ட்டை இதில் ஊற்றாதீர்கள். கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் அல்லது ஆர்ஓ தண்ணீர். கேன் மேல் "இதைத் தவிர வேறு ஊற்றக்கூடாது" என்று பெயிண்டில் எழுதிவைத்திருக்கிறேன். குடம் எடுத்துக்கொண்டு யாராவது வந்தால் ஆபரேட்டரே தடுத்துவிடுகிறார்.

பிளக்கை ஒரு சுற்று தளர்த்துகிற வேலையை டாண்டத்திலும் செய்யலாம். அது ரொம்ப உபயோகமான பழக்கம். டாண்டம் பெட்டிக்குள் பெரிய சங்கிலிகள் ஆயிலில் ஓடுகின்றன. மழையில் ஓடை தாண்டினால், சீல் தேய்ந்திருந்தால், தண்ணீர் உள்ளே போகும். இரவு முழுக்க நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கிவிடும். காலையில் அடி பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். வரும் ஆயிலை வெள்ளைத் துணியில் பிடித்து வெயிலில் காட்டுங்கள். மினுமினுவென்று நுண்ணிய தூள் இருந்தால் பயப்பட வேண்டாம், பழைய வண்டிக்கு அது சகஜம். விரலில் நெருடுகிற சில்லு வந்தால் உடனே மேல் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்ப்பது முக்கியம். ஒரு பக்கம் கெட்டு மறுபக்கம் நன்றாக இருப்பதுதான் வழக்கம்.

ஒரே டாண்டத்தில் ஒரு புது டயரும் ஒரு வழுக்கை டயரும் போடாதீர்கள். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும், சுற்றளவு வேறு. ஒன்று எப்போதும் தேய்த்துக்கொண்டே வரும், அந்த இழுவை முழுக்கச் சங்கிலிக்குப் போகும். காற்றும் அப்படித்தான், நாலிலும் ஒரே அளவு.

கட்டிங் எட்ஜ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பிளேடின் அடியில் போல்ட் போட்ட எஃகுப் பட்டை அது. 12 அடிக்கு 6 அடியாக இரண்டு துண்டு. ஒரு பக்கம் தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம். நடுப்பகுதி முனைகளைவிடச் சீக்கிரம் தேய்வதால், 'இன்னும் ஓரத்தில் இருக்கே' என்று ஓட்டுவார்கள். நடுவில் பட்டை தீர்ந்து பிளேடின் அடி விளிம்பே தரையைத் தேய்க்க ஆரம்பித்தால் போல்ட் துளைகள் போய்விடும். அதன் பிறகு புதுப் பட்டை நேராக உட்காராது. பட்டையின் விலை எங்கே, பிளேடின் விலை எங்கே! நான் நடுவில் ஸ்கேல் வைத்து, பிளேடு விளிம்புக்குக் கீழே ஒரு இஞ்ச் மிச்சம் இருக்கும்போதே கழற்றிவிடுவேன். போட்ட அன்று சாயந்திரம் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும். புதுப் பட்டை முதல் நாள் ஓட்டத்தில் அமர்ந்துகொடுக்கும், போல்ட் தளர்ந்துவிடும். பட்டை மாற்றும்போது பிளேடுக்குக் கீழே ரயில்வே ஸ்லீப்பர் மாதிரி கனமான கட்டைகள் இரண்டு பக்கமும் இருந்தே ஆக வேண்டும். ஹைட்ராலிக்கை நம்பிக் காலை உள்ளே நீட்டக்கூடாது. பழைய வால்வு எந்த நிமிஷம் விடும் என்று யாருக்கும் தெரியாது. அதே மாதிரி, என்ஜின் ஓடும்போது வண்டியின் நடு மடிப்புக்குப் பக்கத்தில் யாரையும் நிற்க விடமாட்டேன். மடங்கும்போது அந்த இடைவெளி ஒரு ஆள் அகலத்தைவிடக் குறுகிவிடும்.

ஆபரேட்டர் பற்றிச் சொல்லாமல் பராமரிப்பு பற்றிப் பேச முடியாது. என்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் இந்த வண்டியில் கிடையாது. இடதுகால் பெடலை மிதித்து மெல்ல நகர்த்தலாம், ஆனால் அதிலேயே காலை வைத்து ஓட்டினால் டிரான்ஸ்மிஷனுக்குள் கிளட்ச் பிளேட் சூடாகித் தேயும். ஜேசிபி ஓட்டிப் பழகினவர்களுக்கு இந்த வித்தியாசம் முதலில் பிடிபடாது. புது ஆள் வந்தால் முதல் நாள் நான் அவருடைய இடதுகாலை மட்டும்தான் பார்ப்பேன். இரண்டாவது, வேகம். ஃபினிஷிங்கில் நடந்து போகிறவரின் வேகத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் போக வேண்டும். வேகம் கூடினால் வண்டி டயரிலேயே துள்ளும், துள்ளல் பிளேடில் விழும், பிளேடு ரோட்டில் அலை போடும், அடுத்த ஓட்டத்தில் சக்கரம் அந்த அலைமேல் ஏறும். ஆட்டம் இல்லாத வண்டியில் கூட இது நடக்கும்.

ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டியை முழுசாகக் கழுவித் துடைப்போம். பூஜைக்காகத்தான் ஆரம்பித்தது. இப்போது வருஷத்தின் முக்கியமான சோதனையே அதுதான். ஒரு தடவை சந்தனம் வைக்க டிராபாரைத் துணியால் துடைத்த பையன், "அண்ணா, இங்க முடி மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, துடைச்சா போகமாட்டேங்குது" என்றான். முடி இல்லை. பந்து மூட்டுக்கு ஒரு சாண் பின்னால், வெல்டிங் ஓரத்தில், விரல் நீளத்துக்கு விரிசல். கோடு நெடுக மெல்லிய துருப்பொடி வேறு கசிந்திருந்தது. இரண்டு பக்கமும் உரசும்போது வருகிற பொடி அது. மண்ணும் கிரீஸும் மூடியிருந்த வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. பூஜை முடிந்ததும் வேலைக்குப் போயிருந்தால் டிராபார் நடுரோட்டில் ஒடிந்திருக்கும்.

விரிசலின் மேலேயே ஒரு வெல்டிங் கோடு இழுத்துவிட்டுப் போவது பட்டறைகளில் வழக்கம். அது நிற்காது. விரிசலின் இரண்டு முனையையும் கண்டுபிடித்து அங்கே துளை போட வேண்டும். இல்லையென்றால் அது வெல்டிங்குக்கு அப்பால் ஓடும். அப்புறம் கிரைண்டரில் அடிவரை வி வடிவில் தோண்டி, இரும்பைச் சூடாக்கி, உலர்த்தி வைத்த 7018 வெல்டிங் ராடில் அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டு, எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்கு ஒரு சாண் பக்கத்திலேயே மாட்டுங்கள். எர்த்தைத் தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகவோ பந்து மூட்டு வழியாகவோ போய் அங்கே பொறி தட்டிக் குழி விழும். ஒரு ஆட்டத்தைச் சரிசெய்யப் போய் இன்னொரு ஆட்டத்தை விதைத்த மாதிரி ஆகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கிரேடருக்கு வேலை இல்லை. நான் பெரிய வேலைகளையெல்லாம் அந்த இரண்டு மாதத்துக்கு ஒதுக்கிவைப்பேன். நிறுத்தும் முன் டீசல் டேங்க்கை முழுசாக நிரப்பிவிட வேண்டும். காலி இடம் இருந்தால் இரவுக் குளிரில் உள்ளே நீர் வியர்க்கும், அது பம்ப், நாசிலைக் கெடுக்கும். பிரேக் ஏர் டேங்க்கில் தங்கும் தண்ணீரை வடிக்க வேண்டும். பிளேடைப் பலகை மேல் இறக்கி வைத்து, வெளியே தெரியும் சிலிண்டர் ராடுகளில் கிரீஸ் தடவ வேண்டும். குரோம் மேல் ஒரு துரு புள்ளி வந்தால் போதும், ஒவ்வொரு அசைவிலும் சீலைக் கிழித்துவிடும். வாரம் ஒரு முறை ஸ்டார்ட் பண்ணி, சூடேறும்வரை ஓடவிட்டு, சர்க்கிளை ஒரு முழுச் சுற்று திருப்பி நிறுத்துவோம்.

இந்த மழைக்கு இடதுபக்க டாண்டத்தைத் திறக்கப் போகிறேன். ஜாக்கி வைத்துச் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்ததில், வலதுபக்கத்தைவிட அங்கே சங்கிலி தளர்ந்திருப்பது தெரிகிறது. சாமானுக்குச் சொல்லியாகிவிட்டது.

கடப்பாரை இப்போதும் வண்டியின் டூல் பாக்ஸுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு நிற்கிறது. போன வாரம் வெட்மிக்ஸ் வேலைக்கு அனுப்பும் முன் அளந்தேன். இடது முனை 4 மில்லி, வலது முனை 6. வலதுபக்கப் பின் ஷூவில் ஒரு ஷிம் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வைத்திருக்கிறேன். முதலில் முழுச் சுற்று திருப்பி, சாக்பீஸ் குறி போட்டுவிட்டு.